ஆணையம் கேட்பதா, கணக்குக் கேட்பதா?

கேள்வி: உள்நாட்டுப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆன ஒரு நாட்டில் வேலை செய்கிறேன். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கை நீட்டுகிறார்கள். எங்களுடையது சிறிய தன்னார்வக் குழு. ஊழல் ஒழிப்பு ஆணையம் கேட்டு இயக்கம் நடத்தலாமா, இல்லை நாங்களே செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா? யாருக்கும் ஆபத்து வந்துவிடக் கூடாதே என்ற பயமும் இருக்கிறது.

பதில்: ஆணையத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அது வேண்டாத விஷயம் என்பதால் அல்ல. நீதிமன்றமும் காவல்துறையும் ஒருசிலர் பிடியில் இருக்கும் நாட்டில், புதிதாக அமைக்கும் ஆணையமும் அதே பிடிக்குள்தான் போய்ச் சேரும். பிறகு எதிராளிகள் மேல் மட்டும் வழக்குப் போட அது நன்றாகப் பயன்படும். வெளியிலிருந்து பலமான துணை இருந்தாலும் நிலைக்கும் என்று சொல்வதற்கில்லை. குவாத்தமாலாவில் ஐ.நா. ஆதரவோடு 2007இல் வேலையைத் தொடங்கிய விசாரணை ஆணையம் சுங்கத்துறை மோசடியைத் தோண்டி எடுத்தது. 2015இல் அதிபர் ஓட்டோ பெரெஸ் மொலினா பதவி விலக நேர்ந்தது. அடுத்த தேர்தலில் வென்ற அதிபர் பக்கமும் விசாரணை திரும்பியபோது கதை மாறியது. ஆணையத்தின் காலத்தை அவர் நீட்டிக்கவில்லை, 2019இல் அது மூடப்பட்டது.

சரி, சிறிய குழு என்ன செய்யலாம்? ஏதாவது ஒரே ஒரு அரசுப் பணத்தைப் பிடித்துக்கொண்டு, அது தலைநகரிலிருந்து கிளம்பி கடைசிக் கைக்குப் போய்ச் சேரும்வரை பின்னாலேயே போங்கள். "அரசில் ஊழல்" என்று சொன்னால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. "இந்தத் தவணை உங்கள் அலுவலகத்துக்கு வந்தது, பள்ளிக்குப் போகவில்லை" என்றால் ஒரு குறிப்பிட்ட மேசை பதில் சொல்லியாக வேண்டும்.

இதற்கு உகாண்டாவை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள், நானும் காட்டுகிறேன். அங்கே மாணவர் எண்ணிக்கைப்படி தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு மானியம் உண்டு. 1991 முதல் 1995 வரையிலான கணக்கைப் பள்ளி பள்ளியாகப் போய்ப் பார்த்தபோது, ஒதுக்கிய தொகையில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்கு வந்திருந்தது. பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒன்றுமே வரவில்லை. அதன்பின் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதை அரசு பத்திரிகைகளில் வெளியிட ஆரம்பித்தது; வந்த தொகையைப் பள்ளிச் சுவரில் ஒட்ட வேண்டும் என்றும் உத்தரவு போட்டது. 2001 வாக்கில் பள்ளிகளுக்கு 80 சதவீதத்துக்கு மேல் வந்து சேர்ந்தது. இது முழுக்கப் பத்திரிகையின் வேலை என்று நான் சொல்ல மாட்டேன். அதே காலத்தில் நிதி நிர்வாகத்திலும் வேறு மாற்றங்கள் நடந்தன. ஆனால் தனக்கு எவ்வளவு வர வேண்டும் என்றே தெரியாத தலைமையாசிரியர் எதைக் கேட்பார்?

உங்கள் அறிவிப்பையும் அந்தக் கண்ணோடு எழுதுங்கள். "மாவட்டத்துக்கு இத்தனை கோடி" என்பது பெற்றோருக்கு எதையும் சொல்லாது. "உங்கள் பிள்ளை ஒருவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு" என்று எழுதினால் அவர்களே பெருக்கிப் பார்த்துக்கொள்வார்கள். தலைநகர் விடுவித்தது, மாவட்டம் பெற்றது, பள்ளி கையில் வாங்கியது என ஓர் அட்டவணையில் மூன்று பத்திகள், எதிரே தேதிகள். தேதி ரொம்ப முக்கியம். பணம் முழுதாக வந்து, ஆனால் ஆறு மாதம் யாருடைய கணக்கிலோ தூங்கியிருக்கும். அப்புறம், வவுச்சரில் தலைமையாசிரியர் கையெழுத்து இருக்கிறது என்பதை வைத்து மட்டும் பணம் போய்ச் சேர்ந்தது என்று முடிவு கட்டாதீர்கள். தொகை எழுதாத வவுச்சரில் கையெழுத்து வாங்குவது பழைய வித்தை. பள்ளியின் சொந்த வரவு நோட்டையும் பாருங்கள்.

மக்கள் கண்காணிப்பால் எல்லாம் ஆகிவிடும் என்றும் நம்ப வேண்டாம். இந்தோனேசியாவில் 600க்கும் மேற்பட்ட கிராமங்களில் சாலைத் திட்டங்களை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. போட்ட சாலையைப் பல இடங்களில் தோண்டி, உள்ளே கல்லும் மணலும் உண்மையில் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்து, பில்லோடு ஒப்பிட்டார்கள். அரசுத் தணிக்கை நிச்சயம் வரும் என்று முன்கூட்டியே சொன்ன கிராமங்களில், காணாமல் போன செலவு சுமார் 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. கிராமக் கூட்டத்துக்கு நிறையப் பேரை அழைத்த இடங்களில் கூலியில் நடந்த திருட்டு குறைந்ததே தவிர, பொருட்களில் நடந்தது குறையவில்லை. காரணம் எளிது. கூலி அவரவர் பணம், குறைந்தால் உடனே தெரியும். ஜல்லி எத்தனை அங்குலம் போட்டார்கள் என்பது பொறியாளருக்குத்தான் தெரியும். ஆகவே மானியம், சம்பளம், உதவித்தொகை போல ஆளின் கைக்கு வரும் பணத்தை மக்களை வைத்துப் பாருங்கள். கட்டுமானம், மருந்துக் கொள்முதல் போன்றவற்றுக்குத் தணிக்கையாளரைத் தேடுங்கள்.

ஆபத்தைப் பற்றி. ராணுவம், சுரங்கம், எல்லைச் சுங்கம் பக்கம் முதலில் போகவே வேண்டாம். அங்கே பணத்தைத் தின்பவர் கையில் துப்பாக்கி இருக்கும். ஆப்கானிஸ்தானில் 2009இல் சில போலீஸ்காரர்களுக்கு மட்டும் சோதனையாகக் கைப்பேசி வழியே சம்பளம் போட்டார்கள். பத்தில் ஒரு பங்கு பெயர்களுக்கு ஆளே இல்லை என்று தெரிந்தது. மற்றவர்களில் பலர் சம்பளம் உயர்ந்துவிட்டது என்று நினைத்தார்கள். உண்மையில் அப்போதுதான் முழுச் சம்பளத்தையே பார்த்தார்கள். தன் பங்கு போய்விட்ட கோபத்தில் ஒரு தளபதி, ஆட்களின் கைப்பேசிகளையும் ரகசிய எண்களையும் தன்னிடமே ஒப்படைக்கச் சொன்னாராம். இப்படிப்பட்டவரோடு மோத உங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. பள்ளி, சுகாதார நிலையம், முதியோர் உதவித்தொகை, இவற்றில் தொடங்குங்கள்.

தகவல் தந்தவரின் பெயரை எங்கும் எழுதாதீர்கள், பள்ளிக்குக்கூட எண்தான். ஆவணங்களின் நகல் ஊருக்கு வெளியே ஒருவரிடம் இருக்கட்டும். அறிக்கையில் ஆளைக் குறிப்பிட வேண்டாம், அலுவலகத்தைக் குறிப்பிட்டால் போதும். வெளியிடும் முன் அந்த அலுவலகத்துக்கு அனுப்பி, ஒரு வாரம் அவகாசம் கொடுத்து விளக்கம் கேளுங்கள். சில சமயம் நியாயமான விளக்கம் இருக்கும். வங்கியே இல்லாத மாவட்டத்துக்குப் பணத்தை வண்டியில் கொண்டுபோகும் செலவுக்கு வழியில் எடுத்திருப்பார்கள். அது விதிமீறல்தான், ஆனால் கையாடல் வேறு.

கவுண்டரில் கை நீட்டும் குமாஸ்தாவை முதல் குறியாக வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அவருக்கு எத்தனை மாதச் சம்பளம் பாக்கி என்று முதலில் விசாரியுங்கள். அந்தப் பாக்கி எங்கே நின்றது என்பதே நீங்கள் பின்தொடர வேண்டிய பணமாக இருக்கலாம். அப்படியானால் அவரே உங்களுக்குத் தகவல் தருவார்.

முதல் சுற்றில் ஒரே மாவட்டம், ஒரே தவணை, போய்வரக்கூடிய அளவு பள்ளிகள் போதும். சில பள்ளிகளில் கணக்குச் சரியாகவே இருக்கும். அவற்றையும் அதே அறிவிப்பில், அதே எழுத்தில் போடுங்கள். நேர்மையாக நடந்த அலுவலரின் பெயர் கெடவில்லை என்று தெரிந்தால், அடுத்த தவணைக்கு அவரே பதிவேட்டைத் திறந்து காட்டுவார்.