காதோட கணக்கு வேற

கேள்வி: ஒரு ஸ்பீக்கர் 80 டெசிபல் சத்தம் தருது. பக்கத்துலயே அதே மாதிரி இன்னொண்ணு வெச்சா 160 ஆயிடுமா?

பதில்: ஆகாதுங்க, 83 கிட்டதான் வரும். டெசிபல்ங்கிறது எத்தனை மடங்குன்னு சொல்ற நம்பர், அதை சும்மா கூட்டக் கூடாது. 10 ஏறுச்சுன்னா ஒலியோட ஆற்றல் 10 மடங்கு, 20 ஏறுச்சுன்னா 100 மடங்கு, 30க்கு 1000 மடங்குன்னு போயிட்டே இருக்கும், ரெண்டு மடங்குக்கு வெறும் 3 தான். ஆனா நம்ம காதுக்கு 10 டெசிபல் ஏறினாத்தான் ஏறக்குறைய ரெண்டு மடங்கு சத்தமா தெரியும், அதாவது அதே ஸ்பீக்கர் பத்து வேணும். அதனாலதான் "90க்கும் 100க்கும் என்ன பெரிய வித்தியாசம்"னு யாராவது ஹெட்போன்ல வால்யூமை ஏத்துனா எனக்குப் பதறும். கேக்குறவங்களுக்கு ரெண்டு மடங்கு மாதிரிதான் இருக்கும், காதுக்குள்ள போறது 10 மடங்கு. அப்புறம் 0 டெசிபல்னா சத்தமே இல்லன்னு நினைச்சுக்காதீங்க, நல்ல காதுக்கு லேசா கேக்க ஆரம்பிக்கிற அளவு அது.

கேள்வி: சுருதி கூடுறதும் சத்தம் கூடுறதும் ஒண்ணுதானே?

பதில்: இல்லீங்க. ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை அதிருதுங்கிறது அதிர்வெண், அதை ஹெர்ட்ஸ்ல சொல்வாங்க, சுருதி அதைப் பொறுத்தது. எவ்வளவு பலமா அதிருதுங்கிறதுதான் சத்தம். கொசு ரீங்காரம் ரொம்ப மெல்லிசு, ஆனா சுருதி மேல. இடி அதுக்கு நேர் தலைகீழ்.

கேள்வி: சாமானெல்லாம் எடுத்த காலி ரூம்ல பேசினா எக்கோ அடிக்குது. சுவத்துல ஃபோம் ஒட்டினா சரியாகுமா, பக்கத்து வீட்டு டிவி சத்தமும் நிக்குமா?

பதில்: முதல்ல அது எக்கோ இல்ல. எதிரொலி தனியா கேக்கணும்னா போன சத்தம் சுமார் 0.1 செகண்ட் கழிச்சுத் திரும்பி வரணும், 20 டிகிரி செல்சியஸ்ல ஒலி செகண்டுக்கு 343 மீட்டர் போகுதுன்னா சுவர் 17 மீட்டர் தள்ளி இருக்கணும். சின்ன ரூம்ல அதுக்கு இடமேது? அங்க நாலு சுவரும் தரையும் மாறி மாறித் திருப்பி விட்ட சத்தம் ஒண்ணோட ஒண்ணு கலந்து இழுக்குது, அதுக்குப் பேர் எதிர்முழக்கம். ஒரு தடவை கைதட்டிட்டு கவனிச்சுப் பாருங்க, டப்புனு முடியாம கணீர்னு ஒரு வால் வரும். 1895ல அமெரிக்காவுல ஹார்வர்டு பல்கலைக்கழகத்துல வாலஸ் சபைன்ங்கிற ஒரு இயற்பியல் ஆசிரியர் கிட்ட, பேச்சே புரியாத ஒரு லெக்சர் ஹாலை சரி பண்ணச் சொன்னாங்க, அங்க ஒரு வார்த்தை அடங்க அஞ்சு செகண்டுக்கு மேல ஆச்சாம். மனுஷன் ராத்திரியில வேற அரங்கத்து சீட் மெத்தைகளைக் கொண்டாந்து பரப்பி, ஒவ்வொரு தடவையும் சத்தம் அடங்குற நேரத்தை அளந்து அளந்து ஒரு சூத்திரமே கண்டுபிடிச்சாரு. எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை அது. இன்னைக்கும் சத்தம் 60 டெசிபல் இறங்க ஆகுற நேரத்தைத்தான் எதிர்முழக்க நேரம்னு சொல்றோம்.

அதனால ஃபோம், கனமான திரை, சோபா, புத்தக அலமாரி எல்லாம் உங்க ரூமுக்குள்ள இழுக்குறதைக் குறைக்கும். பக்கத்து வீட்டு டிவியை நிறுத்தாது, இதுலதான் நிறைய பேர் காசைக் கரைக்கிறாங்க. சத்தத்தைத் தடுக்க கனம் வேணும், சந்து இருக்கக் கூடாது, ஃபோம்ல கனமும் இல்ல, காத்தும் உள்ள புகுந்து போகும். அதுலயும் டிவியில தும் தும்னு வர்ற பேஸ் சத்தம், அதாவது சுருதி கீழ இருக்குற சத்தம், 50 ஹெர்ட்ஸ்னா அதோட அலை நீளமே கிட்டத்தட்ட 7 மீட்டர், ரெண்டு இஞ்ச் ஃபோம் அதை என்ன பண்ணும்? முதல்ல கதவுக்கு அடியில விரல் நுழையுற சந்து இருக்கான்னு பாருங்க, ஜன்னல் ஓரத்தையும் பாருங்க, அதை ரப்பர் பட்டி போட்டு அடைச்சுட்டு அப்புறமா ஃபோமைப் பத்தி யோசிக்கலாம்.