திட்டமே இல்லாமல் வாலென்சியாவில் நான்கு நாள்

கேள்வி: ஒரு கருத்தரங்குக்காக ஸ்பெயினின் வாலென்சியா நகருக்கு வந்திருக்கிறேன். புதன்கிழமையோடு வேலை முடிகிறது, திரும்பும் விமானம் ஞாயிறு இரவுதான். கூட வருவதாக இருந்த தோழி கடைசி நேரத்தில் வரவில்லை. எந்தத் திட்டமும் போடவில்லை, ஸ்பானிஷ் தெரியாது, சைவம் வேறு. பார்சிலோனா, மாட்ரிட் இரண்டையும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா, இல்லை இங்கேயே இருக்கட்டுமா? தனியாகச் சாப்பிடப் போவதை நினைத்தால்தான் கூச்சமாக இருக்கிறது.

பதில்: இங்கேயே இருங்கள். மாட்ரிட் அதிவேக ரயிலில் சுமார் 2 மணி நேரம், பார்சிலோனா சுமார் 3 மணி நேரம். பக்கத்தில்தானே என்று தோன்றும். ஆனால் கடைசி நேர டிக்கெட் விலை எகிறியிருக்கும். பார்சிலோனாவின் சக்ராதா ஃபமீலியா தேவாலயத்துக்கு முன்பதிவு இல்லாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். நான்கு நாளில் மூன்று நகரம் என்று ஓடினால் ரயில் நிலையங்கள்தான் நன்றாகப் பழகும்.

முதலில் ஒரு சின்ன வேலை. பாஸ்போர்ட்டில் இருக்கும் ஷெங்கன் விசாவை எடுத்துப் பாருங்கள். விசா முடியும் தேதி வேறு, தங்க அனுமதித்திருக்கும் நாட்களின் எண்ணிக்கை வேறு. வந்திறங்கிய நாளும் கிளம்பும் நாளும் அந்த எண்ணிக்கையில் சேரும். பயணக் காப்பீடு ஞாயிறு வரை இருக்கிறதா என்றும் அப்படியே பார்த்துவிடுங்கள். அலுவலகம் எடுத்துக்கொடுத்தது என்றால், வேலை நாட்களோடு நிறுத்தியிருக்க வாய்ப்பு உண்டு.

இனி சாப்பாடு. ஸ்பெயினுக்குப் புதிதாக வருகிறவர்களைத் தவிக்கவிடுவது கடிகாரம்தான். மதியச் சாப்பாடு 2 மணிக்குத்தான் களைகட்டும். 4 மணிவாக்கில் சமையலறையை மூடினால், மறுபடி திறக்க இரவு எட்டரை ஆகிவிடும். நம் வழக்கப்படி பன்னிரண்டரைக்கும் ஏழு மணிக்கும் பசித்தால், சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் கடைகள்தான் மிஞ்சும். விலை கூடுதல், ருசி குறைவு. வாலென்சியாக்காரர்கள் காலை பத்து மணிவாக்கில் 'அல்முவேர்சோ' என்று ஒரு பெரிய சாண்ட்விச்சைச் சாப்பிட்டுவிட்டுத்தான் மதியம் வரை தாக்குப்பிடிக்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உருளைக்கிழங்கு ஆம்லெட் வைத்ததைக் கேளுங்கள்.

கூச்சப்பட ஒன்றுமே இல்லை. வார நாட்களின் மதியத்தில் 'மெனு தெல் தியா' என்று ஒரு சாப்பாடு போடுவார்கள். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, இனிப்பு அல்லது காபி, ரொட்டி, குடிக்க ஏதாவது, எல்லாம் சேர்த்து பெரும்பாலும் 12 முதல் 18 யூரோவுக்குள் முடியும். அலுவலகம் போகிறவர்கள் பலர் தனியாகத்தான் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இரவில் மேசை வேண்டாம், பாரின் நீண்ட மேடை முன்னால் உயர நாற்காலியில் உட்காருங்கள். அங்கே தனி ஆள்தான் வழக்கம்.

தனி ஆளுக்கு உண்மையான சிக்கல் பயேயாதான். இந்த ஊரில் பிறந்த அரிசி உணவு அது. ஆனால் நல்ல கடைகளில் குறைந்தது இரண்டு பேருக்குத்தான் செய்வார்கள். அதுவும் மதியம் சாப்பிடுவது, இரவில் உள்ளூர்க்காரர்கள் தொடமாட்டார்கள். அசல் வாலென்சியா பயேயாவில் கோழியும் முயலும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது காய்கறி பயேயா. மெனு தெல் தியாவில் அது வந்தால் ஒரு ஆளுக்கும் கிடைக்கும். ஆனால் அரிசி வெந்தது காய்கறி வடிசாற்றிலா, கோழிச் சாற்றிலா என்று கட்டாயம் கேளுங்கள். 'கார்னே', அதாவது இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் டூனா மீனோ ஹாமோ (பன்றித் தொடை இறைச்சி) தட்டில் வந்து நிற்கும். "நி கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன்" (இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம், ஹாமும் வேண்டாம்) என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். கைப்பேசியில் ஸ்பானிஷில் எழுதிக் காட்டினால் இன்னும் நல்லது.

இந்த ஊரில் நாள், கிழமை பார்த்துப் போக வேண்டியவை சிலதான். வியாழக்கிழமை நண்பகல் 12 மணிக்குக் கதீட்ரலின் அப்போஸ்தலர் வாசலில் நில்லுங்கள். தண்ணீர் நீதிமன்றம் கூடும். துரியா ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களின் விவசாயிகள் தேர்ந்தெடுத்த எட்டுப் பேர் கறுப்பு மேலங்கி அணிந்து வட்டமாக உட்காருவார்கள். ஒவ்வொரு வாய்க்காலின் பெயராகக் கூப்பிட்டு, புகார் உண்டா என்று கேட்பார்கள். வழக்கறிஞர் இல்லை, எழுத்துப்பூர்வ வாதம் இல்லை, எல்லாம் வாய்மொழிதான். பல வாரங்களில் புகாரே இருக்காது, சில நிமிடங்களில் கலைந்துவிடுவார்கள். ஏமாற்றம் என்று நினைக்காதீர்கள். யுனெஸ்கோ 2009-ல் பட்டியலில் சேர்த்த மரபு இது. வாய்க்கால் தகராறு என்ன பாடுபடுத்தும் என்று தெரிந்த ஊரிலிருந்து வருகிற நமக்கு, இது அருங்காட்சியகத்தைவிடச் சுவாரசியம்.

அப்படியே அந்த ஆற்றையும் பார்த்துவிடலாம், ஆனால் அதில் தண்ணீர் இருக்காது. 1957 அக்டோபர் வெள்ளத்தில் 80-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, ஆற்றை ஊருக்குத் தெற்கே புதுக் கால்வாய் வெட்டித் திருப்பிவிட்டார்கள். காய்ந்த படுகையில் நெடுஞ்சாலை போடுவதுதான் அரசின் எண்ணம். மக்கள் விடவில்லை, பூங்காதான் வேண்டும் என்று போராடினார்கள். இன்று சுமார் 9 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூங்கா. பழைய பாலங்களுக்கு அடியில் நடந்துகொண்டே போகலாம், வாடகை சைக்கிளும் கிடைக்கும். கடல் பக்கம் போகப் போக, கலாட்ராவா என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த வெள்ளைக் கட்டடங்கள் வரும். வெளியே நின்று அந்தி நேரத்தில் பார்த்தாலே போதும் என்பேன். மீன் காட்சியகத்துக்கு 30 யூரோவுக்கு மேல் ஆகும், ஆசை இருந்தால் போங்கள். 2024 அக்டோபர் 29 வெள்ளத்தில் நகர மையம் தப்பியதற்கு அந்தப் புதுக் கால்வாயும் ஒரு காரணம். அதற்குத் தெற்கே இருந்த ஊர்கள்தான் அடிவாங்கின, மாகாணத்தில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீங்கள் அங்கிருப்பது இலையுதிர் காலமாக இருந்து, கைப்பேசியில் அரசின் எச்சரிக்கை அலறினால், தயங்காமல் மாடி அறையிலேயே இருந்துவிடுங்கள்.

ஒரு நாள் வெளியே போக வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை போங்கள். நகரப் பேருந்தில் எல் பால்மார் போனால் அல்புஃபேரா ஏரி, சுற்றிலும் வயல், படகுச் சவாரி. பேருந்து அடிக்கடி இருக்காது, திரும்பும் நேரத்தை இறங்கும்போதே பார்த்துவையுங்கள். இல்லையென்றால் உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் ஷாதிவா. மலைமேல் கோட்டை இருக்கிறது. 1707-ல் ஊரைக் கொளுத்திய ஐந்தாம் பிலிப் மன்னரின் ஓவியத்தை அங்குள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் தலைகீழாக மாட்டிவைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கோபம் ரொம்பப் பிடிக்கும். இரண்டுக்கும் மனசில்லையா? மெட்ரோவில் அல்போராயா போய், கோரை இனக் கிழங்கை அரைத்துப் பிழியும் ஓர்ச்சாத்தாவைக் குடித்துவிட்டு வாருங்கள். பால் கலக்காதது, பார்க்கத்தான் பால் மாதிரி.

இரவு பத்து மணிக்கும் குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் தெருவில் இருக்கும் ஊர் இது. தனியாக நடக்கப் பயம் வேண்டாம், பையை மட்டும் நாற்காலி முதுகில் மாட்டாதீர்கள். கடற்கரையில் பாஸ்போர்ட்டை மணலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவது வேண்டவே வேண்டாம். அவசரத்துக்கு 112.

மத்தியச் சந்தைக்குச் சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். பிற்பகல் 3 மணிக்கு மூடினால் அப்புறம் திங்கட்கிழமைதான். பன்றித் தொடைகள் வரிசையாகத் தொங்கும், பழக்கடைப் பக்கம் ஒதுங்கினால் பிரச்சினை இல்லை. குங்குமப்பூ வாங்குவதென்றால் இங்கே வாங்குங்கள். ஞாயிறன்று பல கடைகள் திறக்காது. அன்று எதிரே இருக்கும் லோன்ஹா என்ற பழைய பட்டு வணிக மண்டபத்துக்குக் கட்டணம் கிடையாது, முறுக்கிய தூண்களுக்காகவே பார்க்கலாம். அறையைக் காலி செய்ததும் பெட்டியை ஹோட்டல் வரவேற்பிலேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். விமான நிலையத்துக்கு மெட்ரோ 3, 5 இரண்டு வழித்தடங்களும் போகும், மையத்திலிருந்து அரை மணி நேரம் போதும்.