பழமையான தெருவில் வாடகைக்குப் போகலாமா? போங்கள், ஆனால் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்

நூற்றாண்டு கடந்த வீடுகளும் கலையும் நிறைந்த பழைய நகரப் பகுதியில் வாடகைக்கு வீடு பார்த்திருப்பதாகவும், அங்கே வாழ்வது எப்படி இருக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முகப்பைப் பற்றியும் மரப்படிக்கட்டைப் பற்றியும் ஆசையாக எழுதியிருக்கிறீர்கள். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆகவே மழையில்லாத நாளில், மாலை வெளிச்சத்தில், ஒரே ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் போனேன்.

அப்படியொரு தெருவில், ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் ஏழு ஆண்டுகள் குடியிருந்தேன். முதல் மழைக்காலம் முடிவதற்குள், புத்தக அலமாரிக்குப் பின்னால் இடுப்பு உயரம் வரை ஓதம் ஏறியது. வண்ணப்பூச்சு கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்தது, வெள்ளையாக உப்புப் பூத்தது, கீழ்த்தட்டுப் புத்தகங்கள் எல்லாம் பூசணம் பிடித்துப் போயின. உரிமையாளரிடம் சொன்னேன். அவரும் தட்டிக்கழிக்காமல் ஆள் அனுப்பினார். வந்தவர் சுரண்டினார், சிமென்ட் பூசினார், மேலே பளபளப்பான பெயின்ட் அடித்தார். நான்கு மாதம் அழகாக இருந்தது. பிறகு சிமென்ட் முடியும் கோட்டுக்கு மேலே, தோள் உயரத்தில், ஈரம் தலைகாட்டியது. மறுபடி சிமென்ட். மூன்றாம் ஆண்டில் கதவு நிலையின் அடிப்பாகம் உளுத்து, விரலால் அழுத்தினால் உள்ளே போனது.

மாடியில் ஒரு பாட்டி இருந்தார். அந்த வீட்டிலேயே வாடகைக் குடும்பத்தில் பிறந்து, அங்கேயே முதுமை அடைந்தவர். அவர்தான் தனக்குத் தெரிந்த வயதான மேஸ்திரி ஒருவரை வரவழைத்தார். மேஸ்திரி ஒரு சாவியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். சிமென்ட் பூசிய இடத்தில் எல்லாம் பொள்ளலாகச் சத்தம் கேட்டது. "வேர்க்கிற உடம்புக்கு ரப்பர் சட்டை மாட்டிவிட்டிருக்கிறார்கள் அம்மா" என்றார்.

அவர் விளக்கிய பிறகே எனக்குப் புரிந்தது. இன்று நாம் பயன்படுத்தும் போர்ட்லாந்து வகைச் சிமென்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டதே 1824-இல்தான். அது எங்கும் பரவ மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்கு முந்தைய சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்பிலும் மண்ணிலும் எழுந்தவை. தரையிலிருந்து உறிஞ்சும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு காற்றில் விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் மேலே ஏறும், அல்லது பக்கத்தில் இருக்கும் மரத்தைத் தின்னும். போதாக்குறைக்கு, தெருவைப் பழைய தளத்தைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு உயர்த்தியிருந்தார்கள். வீட்டுத் தரை தெருவைவிடத் தாழ்ந்து போயிருந்தது. மழைநீர் சுவரின் காலடியிலேயே நின்றது.

உரிமையாளரிடம் அனுமதி கேட்டேன். "உங்கள் செலவில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்" என்றார். இரண்டு மாத வாடகை அளவுக்குச் செலவானது. ஈரக் கோட்டுக்கு ஓர் அடி மேல்வரை சிமென்டைக் கொத்தி எடுத்தோம். ஒரு வெயில் காலம் முழுவதும் செங்கல் தெரியச் சுவரைச் சும்மா விட்டோம். பிறகு நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, மெல்லிய இரண்டு பூச்சு. அவசரப்பட்டால் வெடிக்கும் என்பதால் ஈரச்சாக்கு தொங்கவிட்டு, தினமும் காலையிலும் மாலையிலும் நானே தண்ணீர் தெளித்தேன். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாகிறது என்று பள்ளியில் படித்திருந்தேன். அது என் கண்முன் நடந்தது.

சிமென்ட் கெட்டது என்று நான் சொல்வதாக யாரும் பொறியியல் பாடம் நடத்த வர வேண்டாம். சிமென்டில் கட்டிய வீட்டுக்கு அது சரி. அதே போல் உரிமையாளர்கள் எல்லோரும் மோசம் என்றும் சொல்லவில்லை. பழைய வீட்டைப் பராமரிக்கும் செலவு எவ்வளவு என்பதை என் பணத்திலேயே தெரிந்துகொண்டவள் நான்.

"வாடகைக்காரர் வருவார், போவார், அவருக்கு அந்த இடத்தின் மரபு பற்றி என்ன அக்கறை?" என்று சிலர் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மலேசியாவில், பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு அங்கே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு அது விலகியதும் வாடகை ஏறி, தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள் பலவும் சிறுதொழில் செய்தவர்களும் வெளியேற வேண்டியதாயிற்று. 2008-இல் யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அங்கு கூடிவாழ்ந்த பல பண்பாடுகளையும் அதன் சிறப்பாகக் குறிப்பிட்டது. அந்தப் பண்பாடுகளை அங்கே உயிரோடு வைத்திருந்தவர்களில் எத்தனையோ பேர் வாடகைக்கு இருந்தவர்கள். கட்டுப்பாடு இருந்த காலத்தில் குறைந்த வாடகைக்குப் பழுதுபார்க்க உரிமையாளர்கள் முன்வரவில்லை என்பதும் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் சுவரைக் காப்பாற்றி மனிதரை அனுப்பிவிட்டால் அங்கே மிஞ்சுவது என்ன?

லண்டனில் உழைப்பாளர் வாழ்ந்த தெருக்களில் வசதியானவர்கள் குடியேற, பழையவர்கள் வெளியேறுவதைப் பார்த்து, 1964-இல் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் அதற்கு 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று பெயர் வைத்தார். நானும் அப்படிக் குடியேறியவள்தானோ என்ற கேள்வி எனக்கு உண்டு. பாட்டி கொடுத்ததைவிட நான் கொடுத்த வாடகை பல மடங்கு. உரிமையாளர் கேட்ட தொகைக்கெல்லாம் நீங்கள் தலையாட்டினால் பக்கத்து வீட்டின் வாடகையும் ஏறும். அதையும் யோசித்துப் பேசுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டுக்கு முன்பு நான் பதினொரு வீடு பார்த்தேன். ஒன்பது இடங்களில் முதல் கேள்வி, "தனியாகவா இருப்பீர்கள்?" வருமானச் சான்று கையில் இருந்தது, அதை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. யார் வருவார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று மட்டும் விசாரித்தார்கள். புதிய அடுக்குமாடிகளிலும் இதே கதைதான். ஆண்டுகள் கழிந்தும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

சரி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். அலமாரியை நகர்த்தச் சொல்லி, சுவரின் அடிப்பகுதியில் உள்ளங்கையை வையுங்கள். புதிதாக அடித்த பெயின்ட் இடுப்பு உயரத்தில் மட்டும் இருந்தால் காரணம் கேளுங்கள். மின்கம்பிகள் எப்போது மாற்றப்பட்டன, எர்த் இணைப்பு உண்டா என்று கேளுங்கள். எந்தப் பழுது யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நான் வாய்வார்த்தையை நம்பினேன். காலி செய்தபோது, "அனுமதியில்லாமல் சுவரை மாற்றினீர்கள்" என்று முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள்.

அங்கிருந்து வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கடந்த மழைக்குப் பிறகு பாட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். அவரே என் கையைப் பிடித்துக் கீழே அழைத்துவந்து, இப்போது குடியிருப்பவர்களிடம் சொல்லிக் கதவைத் திறக்க வைத்தார். அலமாரி இருந்த இடத்தில் அவர்கள் குழந்தையின் தொட்டில் இருந்தது. சுவரைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.