படகு மறுபடி நகரும் நாள்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். வசந்தம் எப்போது வரும் என்று காத்திருப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். மணிக்கு 4 மைல்தான் வேகம், போதாக்குறைக்கு அடிக்கடி இறங்கிக் கதவு திறக்க வேண்டும். அதற்குக் கரையோடு நடந்தே போய்விடலாமே? ஏன் இத்தனை ஏக்கம்?

ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள வாசகிக்கு,

நடக்கலாம்தான். குளிர்காலம் முழுக்க நான் நடந்துதான் போகிறேன். நவம்பரிலிருந்து மார்ச் வரை கால்வாயை அங்கங்கே அடைத்துப் பழுது பார்ப்பார்கள். வாடகைப் படகுகள் கட்டிக் கிடக்கும். படகிலேயே குடியிருப்பவர்களின் புகைக்குழாயில் மட்டும் கரிப்புகை வந்துகொண்டிருக்கும்.

இந்த ஜனவரியில், தண்ணீரை வடித்திருந்த ஒரு லாக்குக்குள் எங்களை இறங்கிப் பார்க்க விட்டார்கள். படகு மேடேறவும் பள்ளம் இறங்கவும் கட்டிய தொட்டி அது. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். இருபுறமும் பாசி பிடித்த சுவர். படகுகள் உரசி உரசி மழுங்கிய விளிம்புகள். புதிதாக மாட்டிய ஓக் கதவில் மர வாசனை போகவில்லை. ஒரு கதவு ஏறக்குறைய 25 வருடம் உழைக்குமாம்.

இப்போது நீங்கள் கேட்ட 'கதவு திறக்கிற' வேலைக்கு வருகிறேன். படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவோம். இரும்புக் கைப்பிடியைச் சுற்றினால் மதகு மேலேறும், தண்ணீர் பாயும், படகு மெல்ல உயரும். மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது. அப்புறம் கதவோடு சேர்ந்த நீண்ட மர உத்தரத்தில் முதுகைக் கொடுத்துத் தள்ள வேண்டும். உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் சமமாகும்வரை எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது. சமமான அந்த நொடியில் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்ன இளக்கம் தெரியும். டன் கணக்கான கதவு விலகத் தொடங்கும். நான் ஏங்குவது அந்த இளக்கத்துக்காகத்தான். நடந்து போகிறவருக்கு அது கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. டிவைசஸ் ஊருக்கருகே கேன் ஹில் என்ற சரிவில், 2 மைலுக்குள் 29 லாக்குகள். அவற்றில் 16 ஒரே நேர்கோட்டில், மலைப்படிக்கட்டு மாதிரி ஏறுகின்றன. எங்கள் படகு 7 அடிக்கும் சற்றுக் குறைவான அகலம். அங்கே லாக்கின் அகலம் அதைப் போல இருமடங்கு. அதனால் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் படகும் நம்முடையதும் ஒட்டி நின்றபடி மேலே ஏறும். ஒருவர் மதகு திறக்க, ஒருவர் அடுத்த லாக்கைத் தயார் செய்ய முன்னால் ஓட, மதியத்துக்குள் அவர்கள் வீட்டுத் தேநீர் நம் கையில் இருக்கும். இந்தக் கால்வாய் பல பத்தாண்டுகள் தூர்ந்து கிடந்தது. ஊர்க்காரர்களும் தன்னார்வலர்களும் விடாமல் பாடுபட்டு மீட்டார்கள். 1990இல் மகாராணி எலிசபெத் வந்து திறந்துவைத்தார். அந்தக் கதவுகளைத் தள்ளும்போது அவர்களை நான் நினைக்காமல் இருந்ததில்லை.

சரி, வசந்தத்துக்கு வருவோம். உங்கள் ஊர்க் குளங்களில் திரியும் அதே தாழைக்கோழிதான் இங்கேயும். இப்போதே நாணலுக்குள் சுள்ளி சுமக்க ஆரம்பித்துவிட்டது. கரை வேலியில் ஒரு முள்செடி, இலை விடும் முன்பே வெள்ளை வெளேரென்று பூத்திருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்துக்குப் படகு பேசியாயிற்று. ஜனவரியில் நான் அடியில் நின்ற அந்த லாக்கும் வழியில்தான் இருக்கிறது.

அன்புடன்.