கனமான எஸ்யூவியின் பிரேக்குக்குக் கால் பழக எவ்வளவு நாளாகும்?

கேள்வி: ஏழு வருடம் சிறிய ஹாட்ச்பேக் ஓட்டினேன். இப்போது இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள, வேகமான எஸ்யூவி ஒன்றை வாங்கியிருக்கிறேன். ஊருக்குள் பிரேக்கைத் தொட்டாலே தலை முன்னால் போகிறது. நெடுஞ்சாலையிலோ வண்டி நிற்கவே நிற்காது போலத் தோன்றுகிறது. பிரேக்கில் கோளாறா, எனக்குப் பழக்கம் போதவில்லையா?

பதில்: இந்த இரண்டும் எனக்கும் நேர்ந்தவை. பத்தாண்டுக்கு மேல் நான் ஓட்டியது மாருதி ஸ்விஃப்ட். ஆயிரம் கிலோவைத் தொடாத வண்டி. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. 2022-இல் ஒருவர் ஓட்டிய 2018 மாடல் போர்ஷே கயென் டர்போவை வாங்கினேன். ஆள் ஏறாமலே 2,175 கிலோ. முதல் வாரம் கோயம்புத்தூர் ஊருக்குள் ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி தலைகுனிந்து நின்றது. பின் இருக்கையில் தூக்குச்சட்டியை மடியில் வைத்திருந்த அம்மா, காந்திபுரம் தாண்டுவதற்குள் அதைக் கீழே பாதத்துக்கு நடுவில் இறக்கி வைத்துவிட்டார். அதே வாரக் கடைசியில் சேலம் நெடுஞ்சாலையில் இதற்கு நேர்மாறான அனுபவம்: விஜயமங்கலம் சுங்கச்சாவடியை நெருங்கும்போது வண்டி நிற்காமல் நழுவிக்கொண்டே போவது போல ஒரு திகில்.

ஒரே பிரேக் ஊருக்குள் மிஞ்சிப் பிடிக்கிறது, வெளியே பிடிக்காதது போலிருக்கிறது என்றால் பெரும்பாலும் பிரேக் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மூன்றை மட்டும் பார்த்துவிடுங்கள். பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெல்லக் கீழே இறங்குகிறதா? பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? சாதாரணமாகப் பிடிக்கும்போதே ஸ்டீயரிங் அதிர்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிலை விட்டுவிட்டு நேராகப் பட்டறைக்குப் போங்கள். மூன்றும் இல்லையென்றால் தொடர்ந்து படியுங்கள்.

முதலில் நெடுஞ்சாலைப் பயம். எனக்கு இது புரியப் பல நாள் ஆனது. சுங்கச்சாவடிக்கு முன் என் மனக்கணக்கில் வேகம் அறுபதுதான். மீட்டர் காட்டியது தொண்ணூற்று ஐந்து. ஸ்விஃப்ட்டில் அறுபதைத் தாண்டினால் டயர் இரையும், கதவோரம் காற்று சீறும், சாலை காலுக்குக் கீழே ஓடுவது தெரியும். என் வேகக்கணக்கு முழுவதும் அந்தச் சத்தத்தின் மேல்தான் நின்றிருந்தது என்று அதுவரை எனக்கே தெரியாது. உயரமான இருக்கையில் உட்கார்ந்தால் தரை கண்ணுக்குத் தொலைவாகிறது. தொலைவில் ஓடுவது மெதுவாக ஓடுவதாகத் தெரிகிறது. கதவை மூடினால் சத்தமும் இல்லை. ஆகவே அறுபதுக்கான பிரேக்கைத் தொண்ணூற்று ஐந்துக்குப் பிடித்துவிட்டு, வண்டி நிற்கவில்லை என்று கலங்கியிருக்கிறேன். நொடிக்கு 17 மீட்டர் ஓடுவதாக நினைத்துக்கொண்டு 26 மீட்டர் ஓடினால் எந்த பிரேக்கும் போதாதது போலத்தான் இருக்கும்.

இரண்டாவது காரணம் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் கணத்தில் இருக்கிறது. மேனுவல் வண்டியில் காலை எடுத்தாலே இஞ்சின் பிடித்து இழுக்கும்; பாதி பிரேக்கை அதுவே போட்டுவிடும். என் வண்டியின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக், நார்மல் நிலையில் காலை எடுத்ததும் எரிபொருள் மிச்சத்துக்காக இஞ்சினைச் சக்கரத்திலிருந்து விடுவித்து வண்டியை மிதக்க விடுகிறது. இந்த வகை வண்டிகள் பலவற்றில் இப்படி உண்டு. இரண்டு டன் இரும்பு தடையில்லாமல் உருண்டால் அது எங்கே நிற்கும்? ஸ்போர்ட் நிலைக்கு மாற்றிப் பாருங்கள், அல்லது ஸ்டீயரிங்குக்குப் பின்னாலுள்ள துடுப்பைத் தட்டி ஒரு கியர் இறக்கிப் பாருங்கள். பழைய வண்டியின் அந்த இழுவை ஓரளவு திரும்பி வரும். முதல் மாதம் முழுக்க நான் நெடுஞ்சாலையில் ஸ்போர்ட் நிலையில்தான் ஓட்டினேன். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போனது, மனம் நிம்மதியாக இருந்தது.

எடை கூடினால் நிற்கும் தூரமும் கூடும் என்று பலர் சொல்வார்கள். ஒரே ஒரு முறை முழு பலத்தோடு நிறுத்துவதில் இது அவ்வளவாகப் பொருந்தாது. எடை கூடினால் டயர் தரையை அழுத்துவதும் கூடுகிறது, பிடிப்பும் ஏறக்குறைய அதே அளவில் கூடுகிறது. நல்ல சாலையில் நல்ல டயர்களோடு இந்த வகை வண்டிகள் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 40 மீட்டரை ஒட்டி நின்றுவிடும். என் பழைய ஸ்விஃப்ட் அதைவிடக் கூடுதலாகவே ஓடும். பயத்தைக் குறைக்க இது தெரிந்திருக்க வேண்டும்.

எடை தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் இடம் வேறு. அது வெப்பம். ஓடும் வண்டியின் ஆற்றல் முழுவதையும் பிரேக் வெப்பமாக மாற்றித்தான் ஆக வேண்டும். ஆளோடு சேர்த்து 2,200 கிலோவுக்கு மேல் வரும் என் வண்டியை 100-இலிருந்து ஒரு முறை நிறுத்தினால் வரும் வெப்பம், அறை வெப்பநிலையில் இருக்கும் சுமார் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். ஆயிரம் கிலோ வண்டிக்கு ஒன்றேகால் லிட்டர், அவ்வளவுதான். அதனால்தான் இந்த வண்டிகளுக்கு இவ்வளவு பெரிய டிஸ்க். கயென் டர்போவின் முன் டிஸ்க் 415 மில்லிமீட்டர். என் ஸ்விஃப்ட்டின் 14 அங்குல ரிம்மைவிடப் பெரியது. வார்ப்பிரும்பின் மேல் டங்ஸ்டன் கார்பைடு பூசி, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் ஒன்றுக்குப் பத்து பிஸ்டன் வைத்திருக்கிறார்கள். ஓடி முடித்த பிறகும் அந்த டிஸ்க் கண்ணாடி போல மின்னும். அழகான வேலை, வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அந்த டிஸ்க்குக்கும் எல்லை உண்டு என்பதை ஊட்டி இறக்கம் எனக்குக் காட்டியது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலை ரயில் 326 மீட்டரில் தொடங்கி 2,203 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. சாலையிலும் அதே உயரத்தைத்தான் இறங்க வேண்டும். அந்த 1,877 மீட்டர் இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல், அதே வண்டியை 100-இலிருந்து 48 முறை நிறுத்துவதற்குச் சமம். எந்த வண்டிக்கும் எண்ணிக்கை இதுதான், ஆனால் கனமான வண்டிக்கு ஒவ்வொரு முறையும் பெரிய முறை. டயரின் உருளலும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை இஞ்சினுக்குக் கொடுக்கிறோமா, பிரேக்குக்குக் கொடுக்கிறோமா என்பது ஓட்டுபவர் கையில் இருக்கிறது.

நான் முழுவதையும் பிரேக்குக்குக் கொடுத்தேன். ஐந்து பேர், பெட்டிகள், கியர் 'டி'யில், குன்னூரிலிருந்து கீழே முழுக்கப் பெடல் மேல் கால். பர்லியாறு வருவதற்குள் வண்டிக்குள் கருகல் வாடை. பெடல் தளரவில்லை, வண்டி நின்றது, ஆனால் சக்கரத்தின் பக்கத்தில் முழங்காலை வைக்க முடியாத அனல். பழக்கடைப் பையன் ஒருவன் உதவுவதாக நினைத்து ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தான். நல்லவேளை தடுத்தேன். கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணலாகலாம், விரிசலும் விடலாம். அருகில் நிறுத்தியிருந்த ஒரு சுற்றுலா வேன் ஓட்டுநர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எந்த கியரில் இறங்கி வந்தீர்கள், தம்பி?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டியில் அதை நான் பார்த்ததே இல்லை. "ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். வண்டி எதுவானாலும் மலை ஒன்றுதான்" என்றார். அரை மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு மேனுவல் நிலையில் இரண்டாவது கியரில் மிச்சத்தை இறங்கினேன். கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன் மட்டும் பிரேக்: அழுத்தமாக, சில நொடிகள், பிறகு முழுதாக விடுதல். லேசாக அழுத்திப் பிடித்தபடியே வருவதுதான் கெடுதல்; டிஸ்க்குக்கு மூச்சுவிட இடைவெளியே கிடைக்காது.

கோவை திரும்பியதும் பிரேக் ஆயிலை மாற்றினேன். முன்பிருந்தவர் கடைசியாக எப்போது மாற்றினார் என்பதற்குச் சீட்டு எதுவும் இல்லை. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய நிலையில் அதே தரத்துக்குக் கேட்கப்படும் அளவு 155 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவி, பெடல் பஞ்சு போலாகும், கால் தரையைத் தொடும். நீங்களும் ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய வண்டியை வாங்கியிருந்தால், கிலோமீட்டரைப் பார்க்காமல், இரண்டு வருடம் ஆகிவிட்டதா என்று மட்டும் பார்த்து மாற்றுங்கள்.

இனி ஊருக்குள் வரும் குலுக்கல். இது காலின் நினைவு. ஸ்விஃப்ட்டில் பெடலை ஆழமாக அழுத்தினால்தான் பிடிக்கும்; இங்கே முதல் அரை அங்குலத்திலேயே பெரிய டிஸ்க் கவ்விவிடுகிறது. நான் செய்தது இவ்வளவுதான். இருக்கையைச் சற்று முன்னால் நகர்த்தி, குதிகால் தரையை விட்டு எழாதபடி வைத்துக்கொண்டேன். முன்பு முழுக்காலையும் தூக்கி வைத்து மிதிப்பேன். கனமான வண்டியில் அது ஆகவே ஆகாது. குதிகால் தரையில் ஊன்றியிருந்தால் முன்பாதம் எலுமிச்சம்பழம் பிழிவது போல மெல்ல அழுத்தும். தடித்த அடி வைத்த செருப்பைக் கழற்றிவிட்டு மெல்லிய ஷூ போட்டேன். வித்தியாசம் அன்றைக்கே தெரிந்தது.

இன்னும் முக்கியமானது கடைசி ஒரு மீட்டர். வண்டி நிற்கும் கணத்தில் அதே அழுத்தத்தில் கால் இருந்தால், முன்பக்கம் அழுந்திய எடை சட்டென்று பின்னால் திரும்பும். தலை ஆடுவது அதனால்தான். நிற்பதற்குச் சற்று முன்னால் அழுத்தத்தில் பாதியைத் திருப்பிக் கொடுங்கள். நின்ற பிறகு மறுபடி அழுத்திக்கொள்ளலாம். ஞாயிறு விடியற்காலை ஆறு மணிக்கு ஆளில்லாத அகலமான சாலையில், பின்னால் யாரும் வரவில்லை என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, நாற்பதிலிருந்து இருபது முறை இப்படி நிறுத்திப் பழகினேன். மூன்றாவது ஞாயிறு கழித்து அம்மா தூக்குச்சட்டியை மறுபடி மடிக்கு எடுத்துக்கொண்டார்.

அதே சாலையில் இன்னொன்றையும் ஒரு முறையாவது செய்து பாருங்கள்: அறுபதிலிருந்து முழு பலத்தோடு மிதித்து ஏபிஎஸ்ஸை வேலை செய்ய விடுவது. இந்தியாவில் புதிய கார்கள் அனைத்துக்கும் 2019 ஏப்ரலிலிருந்துதான் ஏபிஎஸ் கட்டாயம். என்னைப் போல அது இல்லாத வண்டியில் கற்றவர்களின் கால், சக்கரம் வழுக்கினால் விட்டு விட்டு மிதிக்கும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் அது தவறு. பெடல் படபடவென்று அதிரும், கீழே எதுவோ உடைவது போலக் கரகரக்கும். அப்போதும் காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். அந்த அதிர்வை முதன்முதலாக ஆபத்தின் நடுவில் சந்திக்கும் கால் பயந்து பின்வாங்கிவிடும்.

மழையில், சக்கரத்தில் தண்ணீர் வாரி அடித்த பிறகு, முதல் அழுத்தத்துக்கு ஒரு கணத் தாமதம் தெரியலாம். டிஸ்க் மேலுள்ள நீர்ப்படலம் துடைக்கப்பட வேண்டும். நீண்ட நேரம் பிரேக் தொடாமல் மழையில் ஓட்டினால் அவ்வப்போது லேசாக ஒரு முறை தொட்டுக்கொள்ளுங்கள். பிறகு, பின்னால் வருபவர்களை எப்போதும் நினைவில் வையுங்கள். உங்கள் வண்டி நாற்பது மீட்டரில் நிற்கும், பின்னால் வரும் செங்கல் லாரி நிற்காது. சீக்கிரமே பெடலைத் தொட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டிவிடுவதை நான் ஒரு மரியாதையாகவே கடைப்பிடிக்கிறேன்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். எனக்குக் காலுக்கு மூன்று வாரம், கண்ணுக்கு மூன்று மாதம். இன்றும் சுங்கச்சாவடிப் பலகையைப் பார்த்ததும் சாலையைப் பார்த்து வேகத்தை ஊகிக்காமல் மீட்டரைத்தான் பார்க்கிறேன். ஸ்விஃப்ட்டையும் விற்கவில்லை, கடைத்தெருவுக்கு அதுதான் வசதி. ஆனால் பெரிய வண்டிக்குப் பழகிய கால் அதில் போதாமல் மிதிக்கிறது. அதனால் அதை எடுக்கும் நாட்களில், வாசலை விட்டு இறங்கும் முன் இரண்டு முறை பிரேக்கை ஆழ மிதித்துப் பார்த்துக்கொண்டுதான் தெருவில் இறக்குகிறேன்.