மின் சிக்கனமா, புது மின் நிலையமா?

கேள்வி: ‘தொழில் வேகமாக வளரும் நம்மைப் போன்ற நாட்டில் மின் சிக்கனம் பேசுவது சரியா? புது மின் நிலையம் கட்டினால் போதாதா?’

நான் தண்டையார்பேட்டையில் மோட்டார், ஃபேன் காயில் கட்டுபவன். மின் நிலையமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2012-இல் சென்னையில் முறை வைத்து தினமும் 2 மணி நேரம் கரண்டை நிறுத்தினார்கள். வெளி மாவட்டங்களில் பாதி நாள் கிடையாது. அந்த நிலை மாறியதில் எண்ணூர் பக்கத்து அனல் மின் நிலையங்களான வல்லூரின் 1,500 மெகாவாட்டுக்கும் அத்திப்பட்டில் புதிதாக வந்த 1,200 மெகாவாட்டுக்கும் பங்கு உண்டு.

ஆனால் நிலையம்தான் நம் ஊரில். நிலக்கரி பெரும்பாலும் ஒடிசாவுடையது. தால்சேரில் வெட்டி, ரயிலில் பாரதீப் போய், கப்பலேறி எண்ணூரில் இறங்க வேண்டும். சுரங்கத்தில் மழை, ரயில் வேகன் தட்டுப்பாடு, கடலில் புயல், எதுவானாலும் அடி நமக்குத்தான்.

இப்போது ஃபேனுக்கு வருவோம். பழசு 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி என்கிற, மின்சாரம் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட் அளவில் நின்றுவிடும். தினம் 15 மணி நேரம் ஓடினால் 2 மாதத்தில் 40 யூனிட் மிச்சம். யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி என்று வைத்தால் 28 கிலோ. ஒரே ஃபேனுக்கு! அந்த 28 கிலோ கப்பலேறவே வேண்டாம், அதன் சாம்பலைக் கொட்ட இடமும் தேட வேண்டாம். 500 யூனிட்டைத் தாண்டி பில் எகிறும் வீட்டுக்கு இது லாபம்தான். 100 யூனிட் இலவசத்துக்குள்ளேயே இருப்பவர் எதற்குக் கூடக் காசு கொடுத்து வாங்குவார்? எல்இடி பல்பை அரசு மொத்தமாக வாங்கியபோது, 2014-இல் 310 ரூபாய் இருந்த கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. ஃபேனுக்கும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

அப்புறம், யாரும் பேசாத இடம் பட்டறை மோட்டார். கருகிய காயிலைச் சீக்கிரம் உருவ, சிலர் நெருப்பு வைத்து எரிப்பார்கள். அந்தச் சூட்டில், காயிலைத் தாங்கும் ஸ்டாம்பிங் என்கிற மெல்லிய இரும்புத் தகடுகளுக்கு இடையே கரண்ட் தாவாமல் தடுக்கும் வார்னிஷ் பூச்சும் போய்விடும். மோட்டார் ஓடும், ஆனால் சூடாகும், கரண்ட் கூட இழுக்கும். கட்டும் கூலியில் 500 ரூபாய் மிச்சம் பிடித்தவர் அதை மாதாமாதம் மின் கட்டணத்தில் கட்டுவார்.

மூன்றாவது தடவை அதே மோட்டாரைத் தூக்கி வருபவரிடம், ‘அண்ணே, இதைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு ஐஇ3 மோட்டார் வாங்குங்க, கரண்ட் குறைவா இழுக்கும் தரம் அது’ என்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் இதற்காகத் திட்டு விழுகிறது.