வேலை நடுவில் நின்றாலும் கலங்காத பணத் திட்டம்

கேள்வி: எனக்கு 31 வயது. கோவையில் மென்பொருள் சோதனைப் பணியில் இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 58,000 ரூபாய். இரண்டு வருடங்களுக்கு முன்புதான் எனக்கு ஆட்டிசம் இருப்பது உறுதியானது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். கவுன்சலிங்கும் போகிறேன். அலுவலகச் சத்தமும் கூட்டமும் தாங்காமல் ஐந்து வருடத்தில் மூன்று வேலை மாறினேன், ஒருமுறை ஐந்து மாதம் சும்மா இருந்தேன். மாதச் செலவு 38,000. ஆனாலும் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. மனம் சரியில்லாத வாரங்களில் பில்லைத் திறந்துகூடப் பார்க்க மாட்டேன், ஆன்லைனில் எதையாவது வாங்கிக்கொண்டே இருப்பேன். கிரெடிட் கார்டு நிலுவை 1,10,000. எஃப்.டி-யும் சேமிப்புக் கணக்கும் சேர்த்து 2,40,000 இருக்கிறது. சேமிப்பும் ஆயுள் காப்பீடும் சேர்ந்த, மாதம் 6,000 ரூபாய் கட்டும் 20 வருட எண்டோமென்ட் பாலிசி எடுக்கச் சொல்கிறார் ஒரு முகவர். ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது ஆட்டிசத்தைச் சொல்ல வேண்டாம் என்கிறார் உறவினர். மாற்றுத்திறனாளிச் சான்று வாங்கினால் வரி மிச்சமாகுமா? என்ன செய்யட்டும்?

பதில்: இன்னொரு முறையும் வேலையில் இடைவெளி வரலாம் என்று வைத்துக்கொண்டே உங்கள் திட்டத்தைப் போடுவோம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எப்போது மழை வரும் என்று தெரியாவிட்டாலும், வரும் என்று தெரிந்தவர் கூரையை முன்பே சரிசெய்வதில்லையா, அதுபோலத்தான்.

முதலில் கார்டு. பல கார்டுகளில் வட்டி மாதம் 3.5% வரை போகிறது. 1,10,000-க்கு அது மாதம் 3,850 ரூபாய், அந்த வட்டி மேல் 18% ஜி.எஸ்.டி வேறு. எஃப்.டி-யில் வருடத்துக்கு ஆறேழு சதவீதம் வாங்கிக்கொண்டு இங்கே வருடத்துக்கு 42% கட்டுவதில் அர்த்தமில்லை. முன்கூட்டியே முறித்தால் வட்டியில் கொஞ்சம் குறைப்பார்கள். பரவாயில்லை, இந்த வாரமே முறித்து முழு நிலுவையையும் அடைத்துவிடுங்கள். பிறகு கார்டுக்கு ஆட்டோ-பே போடுங்கள். அங்கே ‘மினிமம் ட்யூ’, ‘டோட்டல் ட்யூ’ என்று இரண்டு தேர்வு வரும், இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாவதைப் போட்டுவிட்டு ‘பணம்தான் போகிறதே’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். மீதி நிலுவைக்கு வட்டி ஏறும், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது.

அடைத்த பிறகு மீதி 1,30,000. போக்குவரத்து, வெளிச்சாப்பாடு இல்லாத வேலையற்ற மாதத்தில் உங்களுக்கு 32,000 ஆகும் என்று வைப்போம். கவுன்சலிங்கும் மாத்திரையும் அதற்குள் இருக்க வேண்டும். சம்பளம் நின்றதும் பலரும் முதலில் வெட்டுவது இவற்றைத்தான், அதனாலேயே அடுத்த வேலைக்குத் திரும்புவது தள்ளிப்போகிறது. முன்பு ஐந்து மாத இடைவெளி வந்திருப்பதால் எட்டு மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2,56,000. இன்னும் தேவை 1,26,000. மாதம் 12,000 ஒதுக்கினால் பதினொரு மாதத்தில் சேர்ந்துவிடும். அதுவரை வேறு முதலீடு வேண்டாம்.

கணக்குப்படி உங்களுக்கு மாதம் 20,000 மிஞ்ச வேண்டும். மிஞ்சாததற்குக் காரணம் அந்தக் கெட்ட வாரங்கள். மனஉறுதியை வைத்து அவற்றைச் சமாளிக்க முடியாது, ஏற்பாட்டை வைத்துத்தான் முடியும். சம்பளக் கணக்கில் வாடகை, மின்கட்டணம், இன்ஷூரன்ஸ், சேமிப்பு எல்லாம் சம்பளம் வந்த மூன்றாம் நாளே தானாகப் போகும்படி வையுங்கள். இன்னொரு கணக்கு தொடங்கி, ஒவ்வொரு திங்கட்கிழமையும் வாரச் செலவுப் பணம் அதற்கு மாறும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுங்கள். யு.பி.ஐ செயலியில் இந்த இரண்டாம் கணக்கு மட்டும் இருக்கட்டும், சம்பளக் கணக்கை அதிலிருந்து நீக்குங்கள். ஷாப்பிங் தளங்களில் சேமித்துவைத்த கார்டையும் அழித்துவிடுங்கள். வங்கிச் செயலியில் கார்டின் ஆன்லைன் பயன்பாட்டை நிறுத்திவைக்க ஒரு பொத்தான் உண்டு, தேவைப்படும் அன்று மட்டும் திறக்கலாம். ஆனால், உங்களுக்குப் பிடித்த விஷயத்துக்கான செலவை அடியோடு வெட்டாதீர்கள். மாதம் 2,000 அதற்கென்றே வையுங்கள். அதுதான் உங்களை நிமிர்த்தி வைக்கிறது.

எண்டோமென்ட் பாலிசி வேண்டாம். மாதத் தவணைக்குச் சலுகை நாட்கள் 15 மட்டுமே. வேலை இல்லாத ஐந்து மாதத்தில் பாலிசி காலாவதியாகும், சில வருடங்களுக்குள் சரண்டர் செய்தால், அதாவது பாதியில் முடித்துக்கொண்டால், கட்டிய பணத்தில் கணிசமான பகுதி போய்விடும். அவசர நிதி சேர்ந்த பிறகு எஸ்.ஐ.பி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) தொடங்கலாம், அதை இடையில் நிறுத்திவைக்கலாம்.

ஹெல்த் இன்ஷூரன்ஸ் விஷயத்தில் உறவினர் சொல்வதைக் கேட்காதீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 21(4), உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கும் மனநோய் உள்ளவர்களுக்கும் பாலிசி வைத்திருக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ 2023-ல் எல்லா ஹெல்த் இன்ஷூரன்ஸ் நிறுவனங்களுக்கும் உத்தரவிட்டது. எனவே புரொபோசல் படிவத்தில் ஆட்டிசம், மனச்சோர்வு, மாத்திரைப் பெயர், எப்போதிலிருந்து என எல்லாவற்றையும் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருடக் காத்திருப்பு. மறைத்தால், க்ளெய்ம் வரும் நாளில் பழைய மருந்துச்சீட்டே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். நிறுவனம் பாலிசி தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யின் பீமா பரோசா தளத்தில் புகார் கொடுக்கலாம். அலுவலக குரூப் பாலிசி இருந்தால், வேலையை விடும் முன்பே அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும். கவுன்சலிங் செலவு உங்கள் கையிலிருந்துதான் போகும்.

சான்றிதழை வரிக்காக வாங்க வேண்டியதில்லை. உங்கள் சம்பளத்துக்குப் புதிய வரி முறையில் வரியே வராது. வருமான வரிச் சட்டத்தின் 80யு பிரிவில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கிடைத்துவந்த 75,000 கழிவு பழைய முறைக்கு மட்டும்தான். ஆனாலும் வாங்குங்கள். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் ‘நிராமயா’ திட்டத்தில், சான்று இருந்தால், ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் வரை காப்பீடு உண்டு. வயது வரம்போ முன் மருத்துவப் பரிசோதனையோ கிடையாது. தெரபி, மருந்துச் செலவுக்கும் உள்வரம்புகளோடு பணம் திரும்பக் கிடைக்கும். வறுமைக் கோட்டுக்கு மேல் உள்ளவர்களுக்கும் கட்டணம் சில நூறு ரூபாய்தான்.

சான்றிதழுக்கும் யு.டி.ஐ.டி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் அரசின் ஸ்வாவ்லம்பன் தளத்தில் விண்ணப்பித்தால் அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்வார்கள். ஐ.எஸ்.ஏ.ஏ எனும், ஆட்டிசத்தை அளக்கும் 40 கேள்விகள் கொண்ட அளவுகோலை வைத்துப் பார்ப்பார்கள். சலுகைகளுக்கு, அதில் வரும் குறைபாட்டு அளவு 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பெரியவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். வருடக்கணக்கில் தங்கள் சிரமங்களை மறைத்துப் பழகியதால் அந்த அரைமணி நேரமும் சரளமாகப் பேசிவிட்டு வந்துவிடுகிறார்கள். அம்மாவை அழைத்துப் போங்கள், சிறுவயது நடத்தையைப் பற்றியும் கேட்பார்கள். பள்ளி ரிப்போர்ட், நோயறிதல் அறிக்கை, வேலையை விட்ட தேதிகள், கெட்ட நாளில் எதெல்லாம் முடியாமல் போகிறது என்ற பட்டியல் எல்லாம் காகிதத்தில் இருக்கட்டும்.

வீட்டில் யாராவது ‘சட்டப்பூர்வக் காப்பாளர்’ போடலாம் என்றால் சம்மதிக்காதீர்கள். உங்கள் கணக்கை நீங்களே பார்க்க முடிகிறது, உங்களுக்கு அது தேவையில்லை. கெட்ட மாதத்தில் அன்றாடச் செலவுகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டுமென்றால், நீங்கள் நம்பும் ஒருவருக்கு இரண்டாம் கணக்கை இயக்க மட்டும் வங்கியில் அதிகாரக் கடிதம் கொடுங்கள். எப்போது வேண்டுமானாலும் அதை எழுதிக்கொடுத்து ரத்து செய்யலாம்.